நேசத்தைக் கூப்பிடப் போன நாள்

“அக்கா, நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ.”

என் தங்கை வசந்தி இப்படிச் சொன்னபோது நான் ஈரத்துணியால் அவளுடைய நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பிரசவ அறையின் சன்னலால் காலை வெயில் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. முந்தின நாள் பின்னேரம் அவளுக்கு வலி தொடங்கியது. முதற்பிள்ளை. அந்த ஆஸ்பத்திரியில் நான்தான் மூத்த மருத்துவமாது. என்னைத்தான் வெளியே போகச் சொல்கிறாள்.

வலியில் பெண்கள் எத்தனையோ சொல்வார்கள். புருஷனைத் திட்டுவார்கள், கடவுளைத் திட்டுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“நான் போனால் ஆர் உன்னைப் பாக்கிறது?” என்று கேட்டேன்.

“நேசம் அக்காவைக் கூப்பிடுங்கோ.”

துணியைக் கிண்ணத்துக்குள் போட்டேன். போட்ட வேகத்தில் தண்ணீர் என் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. நான் பெறாத குறையாக வளர்த்த பிள்ளை, உலகத்தில் வேறு யாரும் இல்லாததுபோல அந்தப் பெயரைச் சொல்கிறாள்.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நல்லதாகவே எழுதிவந்திருக்கிறேன். செல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது பிள்ளை எடுத்ததையும், அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் தையல் போட்டதையும் எழுதினேன். பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். இந்தக் கிழமை எழுதுவதற்கு யாரும் அப்படிக் கடிதம் போடமாட்டீர்கள். ஆனாலும் இதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதினால், எழுதியதெல்லாம் அரைப்பொய் ஆகிவிடும்.

ஊசி இருந்த காலம்

புத்தூர்ப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். பிரசவ அறையில் நான்கு கட்டில்கள். சன்னலைத் திறந்தால் தோட்டத்துக்கு இறைத்த ஈரமண்ணின் மணம் வரும். ஊரார் எங்களை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். நான் பரமேஸ் மிஸ்ஸி.

நான் அங்கே வேலைக்கு வந்த நாட்களில் பெத்தடின் என்ற ஊசி இருந்தது. டொக்டர் எழுதித் தந்தால் தொடையில் போடுவேன். அது வலியை முழுதாக எடுத்துவிடாது. ஆனால் கத்திக்கொண்டிருந்தவள் கொஞ்ச நேரத்தில் கண் செருகி, இரண்டு வலிக்கு நடுவே ஒரு சின்ன நித்திரை கொள்வாள். எழும்பியதும் என்னைத்தான் தேடுவாள்.

ஊசித் தட்டைத் தூக்கிக்கொண்டு நான் வாசலில் தெரிந்தால் நான்கு கட்டிலும் என்னைத் திரும்பிப் பார்க்கும். வயதான மாமிமார்கூட எழுந்து வழிவிடுவார்கள். அந்தப் பார்வைக்கு நான் பழகிப்போனேன். மருந்துக்குக் கிடைத்த மரியாதை அது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. எனக்கே கிடைத்தது என்றுதான் எண்ணியிருந்தேன்.

பிறகு சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதையைப் பூட்டினார்கள். சவர்க்காரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சைக்கிளுக்கு ரியூப் இல்லை. ஏதோ வழியால் வந்துசேரும் கொஞ்ச மருந்தும் காயப்பட்டவர்களுக்கே போதாது. பிள்ளை பெறுகிறவளுக்கு வலி மருந்து என்று கேட்கவே எங்களுக்கு வாய் வரவில்லை. ஒருநாள் அலுமாரியைத் திறந்தேன். அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது.

அன்று ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஊசி போடுங்கோ மிஸ்ஸி,” என்று கெஞ்சினாள். இல்லை என்று சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பேந்து?”

நேசத்தின் முழுப்பெயர் நேசமலர். அரியாலையில் வேதக்காரக் குடும்பம். மிசன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவர். புருஷன் இறந்தபிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு அற்றென்டனாக வந்தார். தரை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, இரத்தத் துணிகளை அள்ளிக்கொண்டு போவது அவருடைய வேலை. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை மரியாதை ஒருபடி குறைத்து ‘நீர்’ என்றுதான் சொல்வேன். அவர் என்னை ‘நீங்கள்’ என்பார்.

ஊசி இல்லாமற் போனபிறகுதான் அவர் என் கண்ணில் பட்டார்.

வலி வந்தவளைக் கட்டிலில் கிடக்க விடமாட்டார். எழுப்பி நடத்துவார். நோ பிடிக்கும்போது பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கையின் அடியாலும் இடுப்புக்குப் பின்னே அவளுடைய நாரியை அழுத்திக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அவளோடு சேர்ந்து மூச்சு விடுவார். நோ விட்டதும் மெதுவாகக் கேட்பார்: “உங்கடை வீட்டிலையிருந்து சந்தைக்கு எப்பிடிப் போறது? சொல்லுங்கோ பாப்பம்.”

அவளும் சொல்லத் தொடங்குவாள். படலை, ஒழுங்கை, பெரியப்பா வீட்டுக் கிணறு, சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடை. நடுவில் அடுத்த நோ வரும். அழுத்துவார். அது போனதும், பிறகு என்ன என்பதுபோல, “பேந்து?” என்பார். விட்ட இடத்திலிருந்து அவள் திரும்ப நடப்பாள். சந்தை வந்துசேருவதற்குள் சிலருக்குப் பிள்ளையும் வந்துவிடும்.

எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வருடம் பயிற்சி எடுத்தவள் நான். பிள்ளையின் இதயத் துடிப்பைக் காதால் கேட்டு எண்ணத் தெரிந்தவள். கொடி சுற்றினால் எடுக்கத் தெரிந்தவள். பெண்களோ வாசலில் நான் தெரிந்தால், எனக்குப் பின்னால் நேசம் வருகிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். ஒருநாள் நேசம் லீவு. கோப்பாய்ப் பெண் ஒருத்திக்கு நான் அதேபோல நாரியை அழுத்திக்கொண்டு, சந்தைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, “ஏன் மிஸ்ஸி, ஏதும் வாங்கோணுமோ?” என்று கேட்டாள். மற்றக் கட்டிலில் இருந்தவள் அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். அதற்குப்பிறகு நான் யாரிடமும் வழி கேட்கவில்லை.

நீர்வேலியிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தபிறகு இரத்தம் நிற்கவில்லை. டொக்டர் வந்துசேரும்வரை அவளுடைய வயிற்றில் கைவைத்து, கருப்பையைப் பிசைந்து பிசைந்து நான்தான் அந்த இரத்தத்தை நிறுத்தினேன். என் இரண்டு தோளும் அடுத்தநாள் தூக்க ஏலாமல் வலித்தன. நேசம் அந்த நேரமெல்லாம் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற அன்று அந்தப் பெண் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தாள். எங்கள் தலைமைத் தாதியான மேற்றனுக்கு முன்னால் நேசத்தின் கையைப் பிடித்து, அக்கா இல்லாவிட்டால் தான் செத்துப்போயிருப்பேன் என்று அழுதாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நேசம் அந்தச் சீப்பைப் பிரித்து எனக்குத்தான் முதலில் நீட்டினார். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு சொல்

அதற்குச் சில கிழமைகளின் பின், ஒரு மத்தியானம். நேசம் ஒரு பெண்ணை விறாந்தையில் நடத்திக்கொண்டிருந்தார். அவளுக்கு அது மூன்றாவது பிள்ளை. நான் உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தேன்.

“மிஸ்ஸி, கெதியா வாங்கோ,” என்று நேசம் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

நான் கையைக் கழுவினேன். விரல்களுக்கு நடுவேயும் கழுவினேன். நகத்தையும் கழுவினேன். இன்னொரு முறை கூப்பிட்டார். துவாயை எடுத்து மெதுவாகத் துடைத்தேன். என்ன செய்கிறார் பார்ப்போம் என்றிருந்தது எனக்கு. பெண்கள் எல்லாரும் தேடுகிற நேசம் அக்கா, நான் இல்லாமல் என்ன செய்வார்?

நான் போனபோது பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. விறாந்தையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பிள்ளையை ஏந்தியபடி நேசம் குந்தியிருந்தார். பிள்ளை நன்றாக அழுதது. தாய்க்கும் ஒன்றுமில்லை. கொடியை மட்டும் நான் வெட்டினேன்.

அன்று பின்னேரம் மேற்றனுக்கு ஓர் அறிக்கை எழுதினேன். அற்றென்டன் தன் வேலைக்கு அப்பாற்பட்டதைச் செய்ததாகவும், பிரசவம் விறாந்தையில் நடந்ததாகவும் எழுதினேன். அதெல்லாம் உண்மை. கடைசியில் இரண்டு சொல் சேர்த்தேன்: ‘மருத்துவமாது அழைக்கப்படவில்லை.’

மேற்றன் நேசத்தைக் கூப்பிட்டு விசாரித்தார். தான் இரண்டு முறை கூப்பிட்டதாக நேசம் சொல்லியிருக்கிறார். யாரும் கூப்பிடவில்லை என்றுதான் மிஸ்ஸி எழுதியிருக்கிறார் என்று மேற்றன் சொன்னதும், நேசம் அதற்குமேல் வாதாடவில்லையாம். அடுத்த திங்கட்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சலவைக் கொட்டிலுக்கு மாற்றினார்கள்.

அந்த வாரம் முழுக்க நான் நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வசந்தியின் பயம்

எங்கள் அம்மா வசந்தியைப் பெற்ற அன்று வீட்டிலேயே இறந்துபோனார். இரத்தம் நிற்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெந்நீர் கொண்டுவா, துணி கொண்டுவா என்று என்னை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒன்றும் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் அதுதான்.

வசந்தியை நான் வளர்த்தேன். தொண்டைமானாற்று வாத்தியார் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தேன். அங்கே செல்லடி கூடியதும் இருவரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்போது அவளுக்கு மூன்று மாதம். எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சாட்டில் ஆஸ்பத்திரிக்கு வருவாள். நான் வேலையாக இருந்தால் நேசத்தோடு இருந்து கதைப்பாள். என்ன கதைத்தார்கள் என்று வீட்டில் கேட்டால், சும்மா கதைத்தோம் என்பாள். அம்மாவைப் போலத் தானும் போய்விடுவேனோ என்ற பயத்தை அவள் நேசத்திடம்தான் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வலி வந்தபோது டொக்டர் பார்த்தார். பிள்ளை சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் இவள் உடம்பை இறுக்கிவைத்துக்கொண்டிருக்கிறாள், வழி திறக்கவில்லை என்றார். மத்தியானத்துக்குள் மாற்றம் இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். ஆஸ்பத்திரி வாகனத்துக்கு எண்ணெய் இல்லை. வானத்தில் இராணுவ ஹெலிகொப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு, நான் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவளுடைய நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அவள் என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.

நேசம் இப்போது சலவையில், இங்கே வர விடமாட்டார்கள் என்று சொன்னேன்.

வசந்தி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

“நீங்கள்தானே அனுப்பினனீங்கள். உங்களுக்குக் கூப்பிட ஏலும்.”

நான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை. அவள் எப்படி அறிந்தாள் என்று இன்றுவரை கேட்டதுமில்லை.

சலவைக் கொட்டில்

பிரசவ அறையிலிருந்து கொட்டிலுக்கு இருநூறு யார் தூரம்கூட இராது. போகிற வழியில் கிணற்றடியில் ஒருதரம் நின்றேன். வேறு யாரையாவது அனுப்பலாமா என்று யோசித்தேன். பிறகு நடந்தேன்.

தகரப் பீப்பாவில் விரிப்புகள் கொதித்துக்கொண்டிருந்தன. சவர்க்காரம் இல்லாததால் சாம்பலும் பனம்பழக் களியும் போட்டுத்தான் அப்போது துவைத்தார்கள். புளித்த மணம் மூக்கை அடைத்தது. நேசம் ஒரு தடியால் விரிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தடியை வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். அந்தக் கைகளைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

வசந்திக்கு வலி என்றும், அவரைக் கேட்கிறாள் என்றும் சொன்னேன். “நீங்கள் ஒருக்கால் வரவேணும்,” என்றேன். ‘நீங்கள்’ என்று சொன்னதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

“மேற்றன் சொன்னவவோ?”

“இல்லை. நான்தான் கேக்கிறன்.”

அவர் அடுப்படியில் குந்தினார். பிறகு, எரிந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார்.

“வாறன் மிஸ்ஸி. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. அண்டைக்கு நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டதோ, இல்லையோ?”

பொய் சொல்ல எனக்கு வழி இருந்தது. அவர் எப்படியும் வந்திருப்பார்.

“கேட்டது,” என்றேன். “ரண்டுதரமும் கேட்டது.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். நெஞ்சில் கைவைத்து ஒரு பெரிய மூச்சு விட்டார்.

“நான் கூப்பிட்டனானோ, இல்லாட்டி கூப்பிட்டதாய் நினைச்சனானோ எண்டு எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது மிஸ்ஸி. நாலு மாசமாய் அதையே யோசிச்சுக்கொண்டு இந்தத் துணியளைத் துவைச்சனான்.”

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தார். அவரைப் பிரசவ அறை வேலையிலிருந்து எடுத்ததாக மட்டும் அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய காதையும் வாயையும் அவரே நம்பாதபடி செய்துவிட்டேன் என்பது அந்த இருநூறு யார் தூர நடையில்தான் எனக்கு உறைத்தது.

கதவுக்கு வெளியே

உள்ளே வந்ததும் நேசம் வசந்தியைக் கட்டிலால் இறக்கினார். பிறகு என்னிடம் வந்து, அவளுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“உங்கடை முகத்தைப் பாத்துப் பாத்துத்தான் தங்கச்சி பயப்பிடுறா. பிள்ளை பிறக்கிற நேரம் கூப்பிடுறன். அதுவரைக்கும் கதவுக்கு அங்காலை நில்லுங்கோ.”

என் பிரசவ அறையிலிருந்து என்னை ஓர் அற்றென்டன் வெளியே அனுப்புகிறார். நான் போனேன். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

வசந்தி தரையில் முழங்காலில் நின்று, கட்டில் விளிம்பில் சாய்ந்திருந்தாள். வெடித்த அந்தக் கைகள் அவளுடைய நாரியில் இருந்தன. சொரசொரப்பாக இருக்கிறதா என்று நேசம் கேட்டதும், அப்படியே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று வசந்தி சொன்னதும் கேட்டது. இரண்டு நோ போனது. பிறகு நேசம் வழி கேட்டார். சந்தைக்கல்ல. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போனாய் என்று கேட்டார்.

“அக்காவின்ரை சைக்கிளிலை,” என்றாள் வசந்தி. “பின்னாலை கரியரிலை ஏத்துவா. கால் சில்லுக்குள்ளை போயிடுமெண்டு துவாயாலை ரண்டு காலையும் கட்டிவிடுவா.”

“பேந்து?”

“பூவரசம் வேலி. வேலி முடிய வைரவர் கோயில்.”

நோ வந்தது. நேசம் அழுத்தினார். இருவரும் சேர்ந்து மூச்சு விடுவது கேட்டது. முதல் தடவையாக வசந்தி கத்தவில்லை.

“பேந்து?”

“கோயிலடியிலை அக்கா சைக்கிளை நிப்பாட்டுவா. கும்பிடுறமாதிரி நிண்டு அழுவா. ஒவ்வொரு நாளும். பின்னாலை இருக்கிற நான் காணேல்லை எண்டு நினைப்பா.”

கதவு நிலையில் கைவைத்தபடி நான் நின்றேன். அம்மா இறந்தபிறகு அந்தக் கோயிலடியைத் தவிர வேறெங்கும் நான் அழுததில்லை. யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். ஐந்து வயதிலிருந்து இவள் அதை வைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என்னிடம் சொல்லாததை, சலவைக் கொட்டிலால் வந்த ஒரு பெண்ணிடம், கால்மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்தது. அதில் பாதி பொறாமை.

மத்தியானத்துக்குச் சற்று முன் நேசம் கூப்பிட்டார். இந்த முறை ஒரே கூப்பிடலில் ஓடினேன். பெண்பிள்ளை. என் கையில்தான் வழுக்கிக்கொண்டு வந்தாள். இரத்தமும் அளவாகத்தான் போனது. கொடியை வெட்டி, துடைத்து, பிள்ளையைத் தாயின் நெஞ்சில் வைத்தேன். வசந்தி ஒரு கையால் பிள்ளையை அணைத்தாள். மற்றக் கையால் நேசத்தின் கழுத்தை அணைத்தாள். அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

பெயர்

மறுநாள் மேற்றனிடம் போய் அந்த இரண்டு சொல்லும் பொய் என்று சொன்னேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார். நேசம் அடுத்த கிழமை பிரசவ அறைக்குத் திரும்பினார். அதற்குப்பிறகு நான்கு வருடத்துக்கு மேல் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். என் மனம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். தெளியவில்லை. பெண்கள் “நேசம் அக்கா எங்கை?” என்று கேட்கிறபோதெல்லாம் எனக்குள் ஒன்று சுருக்கென்று குத்தும். குத்தினாலும் நானே போய்க் கூப்பிட்டு வருவேன்.

பிள்ளைக்கு அம்மாவின் பெயரை வைக்க வேண்டும் என்று நான் இருந்தேன். முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று, வசந்தி எல்லாருக்கும் முன்னால் பெயரைச் சொன்னாள். நேசமலர்.

நான் பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். அடுத்த கிண்ணத்தை நிரப்பினேன். அந்தப் பெயரை மட்டும் என் வாயால் சொல்லவில்லை. பிள்ளை என்றேன், குஞ்சு என்றேன், செல்லம் என்றேன். அவள் எனக்குப் பக்கத்திலேயே படுத்து, என் கையாலேயே சாப்பிட்டு வளர்ந்தாள். மூன்று வயதுக்கு மேலாகியும் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வசந்தி கவனித்திருப்பாள். கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சந்நிதி கோயிலுக்குப் போயிருந்தோம். அன்னதானத்துக்கு நின்ற சனத்துக்குள் என் கையிலிருந்து பிள்ளை நழுவிவிட்டாள். பக்கத்திலே ஆறு. நான் குஞ்சு என்று கத்தினேன், செல்லம் என்று கத்தினேன். எத்தனையோ தாய்மார் தங்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் திரும்பவில்லை. ஆற்றங்கரைப் படிவரை ஓடினேன். அங்கேயும் இல்லை.

அப்போது அந்தப் பெயரைக் கூப்பிட்டேன். அடிவயிற்றிலிருந்து, தொண்டை கிழிய, திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நேசமலர். நேசமலர்.

தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். கை நிறைய உடைந்த தேங்காய்ச் சொட்டு. ஓடி வரவில்லை. இரண்டடி தள்ளி நின்று, என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

“பெரியம்மா, என்னையோ கூப்பிட்டனீங்கள்?” என்று கேட்டாள்.

“ஓம்,” என்றேன். “உன்னைத்தான்.”